ஆறு மணி நேர விருந்தாளிகள்: ஜெர்மானியச் சொகுசுக் கப்பல்களும் ஸ்பானியத் துறைமுக நகரங்களும்

சொகுசுக் கப்பல் ஒன்று விடியற்காலையில் வந்து கட்டி, பொழுது சாய்வதற்குள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போய்விடுகிறது. இடையில் நாலாயிரம் பேர் இறங்கி ஏறுகிறார்கள். அந்த நகரத்துக்கு இதனால் லாபமா, நட்டமா? சுற்றுலாவை ஆராய்கிறவர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதற்குப் பதில் சொல்லி வருகிறார்கள். பொருளியலாளர் ஒன்று சொல்கிறார், சமூகவியலாளர் வேறொன்று சொல்கிறார். துறைமுகத்தின் அறிக்கைக்கும் பேட்டைவாசியின் தட்டிக்கும் பொருத்தமே இருப்பதில்லை.

ஜெர்மனியில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. கொரோனாவுக்கு முந்தைய 2019-இல் சுமார் 26 லட்சம் ஜெர்மானியர்கள் கடல் உலா போனார்கள். ஐரோப்பாவில் வேறெந்த நாட்டிலிருந்தும் அத்தனை பேர் போகவில்லை. ரோஸ்டாக்கைத் தலைமையிடமாகக் கொண்ட ஐடா, ஹம்பர்க்கின் டூயி குரூசஸ் என்ற இரு நிறுவனங்களே இந்தச் சந்தையின் பெரும்பகுதியை வைத்திருக்கின்றன. கோடையில் இவற்றின் கப்பல்கள் மயோர்க்கா தீவின் பால்மாவை மையமாக வைத்துச் சுற்றும். குளிர்காலத்தில் கேனரித் தீவுகளின் லாஸ் பால்மாஸ், சாந்தா குரூஸ் துறைமுகங்களுக்கு இடம் மாறும். பார்சிலோனா, மாலகா, காடிஸ், கார்த்தஹேனா ஆகியவை வழியில் வரும் ஊர்கள். ஜெர்மானியரின் விடுமுறைக்கும் ஸ்பானியத் துறைமுகங்களின் கொந்தளிப்புக்கும் இடையிலுள்ள உறவைப் பார்த்தால், பொதுக் கேள்வியின் முடிச்சுகள் பலவும் தெரிய வருகின்றன.

சும்மா நின்ற கப்பலில் தொடங்கிய கதை

1891 ஜனவரி 22 அன்று குக்ஸ்ஹாஃபன் துறையிலிருந்து ‘அவுகுஸ்தா விக்டோரியா’ என்ற கப்பல் 241 பயணிகளோடு மத்தியதரைக் கடலை நோக்கிப் புறப்பட்டது. அனுப்பியவர் ஹம்பர்க்-அமெரிக்கா கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராது. விலையுயர்ந்த விரைவுக் கப்பல் துறையில் சும்மா நின்று செலவு வைக்கும். அந்த நட்டத்தைத் தவிர்க்கவே அதை இரு மாதங்களுக்கு உல்லாசத்துக்குத் திருப்பினார் பாலின். ஆங்கிலேய நிறுவனங்கள் இதற்கு முன்பே இப்படிப்பட்ட பயணங்களை நடத்திப் பார்த்திருந்தாலும், இன்றைய கடல் உலாத் தொழிலின் தொடக்கமாகப் பலரும் குறிப்பது இந்தப் பயணத்தைத்தான். முதலில் இருந்தது கப்பலின் தேவை, துறைமுக ஊர்கள் பின்னால் வந்து சேர்ந்தவை. இந்த வரிசை இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

நாஜி ஆட்சிக் காலத்தில் ‘மகிழ்ச்சியின் வழியே வலிமை’ என்ற அரசு அமைப்பு தொழிலாளர்களுக்கு மலிவுக் கடற்பயணங்களை நடத்தியது. உல்லாசத்தைப் பரப்புரைக் கருவியாக்கிய அந்த அமைப்பின் கப்பல்கள்தாம் 1939 மே மாதம் ஸ்பெயினின் வீகோ துறைமுகத்துக்குப் போய், உள்நாட்டுப் போரில் ஸ்பானியத் தளபதி ஃபிராங்கோவுக்காகப் போரிட்ட ஜெர்மானியக் காண்டர் படையணியை ஊருக்கு ஏற்றி வந்தன. ஜெர்மானியக் கப்பலும் ஸ்பானியத் துறைமுகமும் சந்தித்த வரலாற்றில் விளம்பரக் கையேடுகள் சொல்லாத பக்கம் இது.

போருக்குப் பின் நெடுங்காலம் கடல் உலா என்பது வசதி படைத்த முதியவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. 1981-இல் இசட்.டி.எஃப் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘டாஸ் டிராம்ஷிஃப்’ தொடர் அந்த ஆசையை நடுத்தர வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆசையை வாங்கக்கூடிய விலைக்கு இறக்கியது 1996-இல் வந்த முதல் ஐடா கப்பல். பழைய கிழக்கு ஜெர்மனி அரசின் கப்பல் நிறுவனம் தனியார்மயமான பிறகு அதன் வழிவந்த முயற்சி அது. கோட்டும் டையும் வேண்டாம், தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் பரிமாறிக்கொள்ளலாம் என்ற கிளப் பாணி பிடித்துப்போயிற்று. டூயி குரூசஸ் 2008-இல் தொடங்கப்பட்டு, ‘மைன் ஷிஃப்’ என்ற பெயரில் கப்பல்களை ஓட்டுகிறது. ஐடா இப்போது அமெரிக்கக் கார்னிவல் குழுமத்தின் கிளை. அதன் கப்பல்களில் பறப்பது இத்தாலியக் கொடி. டூயி குரூசஸின் பாதி ராயல் கரீபியனுடையது. அதன் கப்பல்களில் மால்டாக் கொடி. ‘ஜெர்மானியக் கப்பல்’ என்று எழுதும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் பதில்: காசு கொண்டுவருகிறது

மிகப் பழைய பதிலும், அரசு அலுவலகங்களில் இன்றும் செல்வாக்கு உள்ள பதிலும் பொருளாதாரம் சார்ந்தது. கப்பல் வந்தால் மூன்று வழிகளில் பணம் வருகிறது: பயணிகளின் செலவு, இறங்கும் ஊழியர்களின் செலவு, கப்பலே கொடுக்கும் துறைமுகக் கட்டணம், எரிபொருள், மளிகைக்கான தொகை. இந்த நேரடி வரவு கைமாறிக் கைமாறிப் பெருகுவதையும் சேர்த்து வேலைவாய்ப்பைக் கணக்கிடுவது வழக்கம். பார்சிலோனா துறைமுக ஆணையம் கேட்டுக்கொண்டதன்பேரில் பார்சிலோனா பல்கலைக்கழகத்தின் பொருளியல் குழு செய்த ஆய்வு, கடல் உலாவால் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைகள் தாங்கப்படுவதாக மதிப்பிட்டது. துறைமுகமும் கப்பல் நிறுவனங்களின் சங்கமும் இத்தகைய எண்களைத்தான் மேடைதோறும் முன்வைக்கின்றன.

இந்தப் பதில் வெறும் விளம்பரம் அல்ல என்பதற்குக் கார்த்தஹேனா நல்ல சான்று. சுரங்கமும் ஆலைகளும் நொடித்து 1990-களின் தொடக்கத்தில் தத்தளித்த நகரம் அது. 1988-இல் வெளிப்பட்ட ரோமானிய அரங்கை அகழ்ந்து, கட்டடக் கலைஞர் ரஃபேல் மொனேயோ வடிவமைத்த அருங்காட்சியகத்தோடு 2008-இல் திறந்தார்கள். கப்பல் கட்டும் இடத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கப்பல் பயணிகளை நம்பித் தன் மையத்தைத் திருத்தி அமைத்துக்கொண்ட இத்தகைய நடுத்தர ஊர்களில் எதிர்ப்பு குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் கணக்கில் ஓட்டைகளும் உண்டு. முதலாவது, எல்லாத் துறைமுகமும் ஒன்றல்ல. பயணம் தொடங்கி முடியும் ஊருக்கு விமானத்தில் வருகிறவர் முந்தின நாளே வந்து விடுதியில் தங்கக்கூடும். உணவகத்துக்கும் டாக்சிக்கும் செலவழிப்பார். நடுவில் நிற்கும் ஊரில் இறங்குகிறவரின் நிலை வேறு. மைன் ஷிஃப் போன்ற கப்பல்களில் சாப்பாடும் குடியும் பயணச்சீட்டிலேயே அடங்கிவிடுவதால், மதியத்துக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவது சிக்கனம். நார்வே நாட்டின் ஸ்வைன் லார்சனும் உடன் ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட கட்டுரை, கப்பல் பயணிகள் மற்றச் சுற்றுலாப் பயணிகளைவிடக் குறைவாகவே செலவு செய்வதாகக் காட்டியது. வயிறு நிறைந்தவர் பணப்பையைத் திறப்பதில்லை என்பதைக் கட்டுரையின் தலைப்பே சொல்லிவிட்டது. நார்வேயில் கண்டது ஸ்பெயினுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. பார்சிலோனாவில் இறங்குகிறவருக்குப் பணத்தைக் கரைக்க வழிகள் கூடுதல்.

இரண்டாவது, கரைச் சுற்றுலாவைக் கப்பலே விற்கிறது. காலையில் பேருந்து ஏறி, வழிகாட்டியின் பின்னால் கோயிலும் கோட்டையும் பார்த்துத் திரும்பும் அந்தச் சீட்டின் விலையில் உள்ளூர் முகவருக்கும் ஓட்டுநருக்கும் போய்ச் சேருவது ஒரு பகுதிதான். கனடாவின் சமூகவியலாளர் ராஸ் கிளைன், 2000-க்குப் பிறகு எழுதிய நூல்களில் கரீபிய, அலாஸ்காத் துறைமுகங்களை வைத்து இதைத்தான் வலியுறுத்தினார்: நிறுவனங்கள் துறைமுகங்களை ஒன்றுக்கு எதிராக ஒன்றை நிறுத்திப் பேரம் பேசுகின்றன, பயணியின் பணத்தைக் கப்பலுக்குள்ளேயே பிடித்துவைக்கின்றன. மூன்றாவது ஓட்டைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பெரும்பாலான மதிப்பீடுகள் வரவைக் கூட்டுகின்றன. துப்புரவு, காவல், பேருந்து, கடைத்தெரு வாடகை உயர்வு ஆகியவற்றைக் கழிப்பதில்லை. கழிக்காத கணக்கை லாபக் கணக்கு என்று சொல்ல முடியாது. அந்த ஆய்வுகளைக் கேட்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் துறைமுகங்களும் நிறுவனங்களும் என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பதில்: புகையை விட்டுப் போகிறது

ஜெர்மனிக்குள் கடல் உலாவைப் பற்றி எழுந்த விவாதம் முதலில் புகைபோக்கியைத்தான் பார்த்தது. ஜெர்மன் இயற்கைப் பாதுகாப்புச் சங்கமான நாபு, கப்பல்களைத் தூய்மையின் அடிப்படையில் தரவரிசைப்படுத்தி ஆண்டுதோறும் வெளியிட்டு, நிறுவனங்களைச் சங்கடப்படுத்தியது. 2019-இல் பிரசல்ஸைச் சேர்ந்த போக்குவரத்து - சுற்றுச்சூழல் அமைப்பு வெளியிட்ட அறிக்கை செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. 2017-இல் ஐரோப்பாவில் சொகுசுக் கப்பல் புகையால் மிக அதிகம் மாசுபட்ட துறைமுகம் பார்சிலோனா, அடுத்தது பால்மா, மூன்றாவது வெனிஸ் என்றது அது.

இந்தப் பதிலின் வலிமை, மற்றவை போலன்றி ஒழுங்குமுறையில் உடனடி விளைவு கண்டதுதான். கப்பல் எரிபொருளில் கந்தக அளவு 2020-இல் உலகெங்கும் 0.5 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்டது. 2025 மே 1 முதல் மத்தியதரைக் கடல் முழுவதும் 0.1 விழுக்காடு. 2024 முதல் கப்பல்களும் ஐரோப்பிய ஒன்றியத்தின் கரிமக் கட்டண முறைக்குள் வந்தன. 2030-இல் பெரிய துறைமுகங்களில் நிற்கும் பயணிகள் கப்பல் எஞ்சினை அணைத்துவிட்டுக் கரையிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். ஹம்பர்க்கின் ஆல்டோனா முனையத்தில் அந்த வசதி 2016-லேயே இருந்தது. ஸ்பானியத் துறைமுகங்கள் பல இப்போதுதான் அந்த வேலையில் இறங்கியிருக்கின்றன.

பலவீனங்களும் தெளிவானவை. அந்தத் துறைமுகத் தரவரிசை கப்பல்களின் நடமாட்டப் பதிவிலிருந்து கணக்கிட்டுப் பெற்றது. தெருவில் கருவி வைத்து அளந்தது அல்ல. துறைமுகப் புகையில் சரக்குக் கப்பல்களுக்கும் தீவுகளுக்கு ஓடும் படகுச் சேவைகளுக்கும் பெரும் பங்கு உண்டு என்ற மறுப்பையும் தள்ளிவிட முடியாது. ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் மையர் கப்பல்தளம் கட்டி 2018-இல் கடலுக்கு வந்த ‘ஐடாநோவா’, திரவ இயற்கை வாயுவில் மட்டுமே ஓடக்கூடிய முதல் சொகுசுக் கப்பல் என்று கொண்டாடப்பட்டது. கந்தகமும் கரித்தூளும் குறைந்தன. எரியாமல் நழுவும் மீத்தேனால் பருவநிலைக்கு எவ்வளவு கெடுதல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இதில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது ஒன்று உண்டு. பால்மாவில் கப்பல் ஏறும் ஜெர்மானியர் டுசல்டார்ஃபிலிருந்தோ ஃபிராங்ஃபர்ட்டிலிருந்தோ விமானத்தில் வருகிறார். கப்பலின் கரிமக் கணக்கில் அந்த விமானம் வருவதில்லை.

மூன்றாவது பதில்: ஊரைப் பிடுங்கிக்கொள்கிறது

புகை குறைந்தாலும் நெரிசல் குறையாது. பார்சிலோனாவுக்கு 1990-இல் கடல் வழியே வந்த உல்லாசப் பயணிகள் ஒரு லட்சத்துச் சொச்சம். ஒலிம்பிக் போட்டிக்காகக் கடற்கரையைத் திறந்துவிட்ட 1992-க்குப் பிறகு ஏறுமுகம்தான். 2019-இல் 31 லட்சம். 2024-இல் 36 லட்சத்துக்கும் மேல். அதோசாத் கப்பல்துறையிலிருந்து கிளம்பும் பேருந்துகள் கொலம்பஸ் தூணருகே கொண்டுவந்து விட, எல்லோரும் ஒரே நேரத்தில் ராம்ப்ளாஸ் தெருவில் ஏறி நடக்கிறார்கள். நகரத்துக்கு வருகிற மொத்த வெளியூராரில் கப்பல்காரர்கள் சிறு பங்கே என்கிறது துறைமுகம். ஆண்டுச் சராசரிக்கு அது சரி. பேட்டைவாசி ஆண்டுச் சராசரியில் வாழ்வதில்லை. நான்கு கப்பல்கள் சேர்ந்து வந்த செவ்வாய்க்கிழமையில் வாழ்கிறார்.

கல்வியுலகில் இந்தப் பதிலுக்கு 1975-இல் விதை விழுந்தது. ஜார்ஜ் டாக்ஸி என்ற ஆய்வாளர், விருந்தோம்பும் ஊரின் மனநிலை மகிழ்ச்சியில் தொடங்கி, அக்கறையின்மை, எரிச்சல் வழியாகப் பகையில் முடியும் என்றார். 2024 ஜூலையில் பார்சிலோனாவில் சுற்றுலாப் பயணிகள்மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சிய படங்களையும், அதே மாதம் பால்மா தெருக்களில் திரண்ட கூட்டத்தையும் பார்த்தவர்கள் டாக்ஸியின் கடைசிப் படி வந்துவிட்டது என்று எழுதினார்கள். அவசரம் வேண்டாம் என்று தோன்றுகிறது. டாக்ஸியின் ஏணி ஊருக்கு ஒரே மனம் இருப்பதாக எண்ணுகிறது. பால்மாவில் வாடகை கட்ட முடியாத செவிலியரும், நினைவுப் பொருள் விற்கிறவரும், துறைமுகத் தொழிலாளியும் ஒரே படியில் நிற்பதில்லை. அந்த ஊர்வலங்களின் முதன்மைக் கோரிக்கை வீடு. வீட்டு வாடகையை ஏற்றுவதில், இரவு தங்காத கப்பல் பயணியைவிட விடுமுறைக் குடியிருப்புகளின் பங்கு பெரிதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். வெண்ணிறத்தில் பதினைந்து மாடி உயரத்துக்கு எழுந்து நிற்பதால் எல்லாக் கோபத்துக்கும் கப்பல் வாகான அடையாளமாகிவிடுகிறது.

நான்காவது கேள்வி: அது வருகையே தானா?

இதுவரை ஊரின் பக்கமிருந்து கேட்டார்கள். பயணியின் பக்கமிருந்து கேட்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியக் கவிஞரும் கட்டுரையாளருமான ஹான்ஸ் மாக்னுஸ் என்சன்ஸ்பெர்கர். சுற்றுலாவைப் பற்றி 1958-இல் அவர் எழுதிய கட்டுரை இரு பக்கமும் வெட்டியது. தொழிற்சமூகத்தின் நெருக்கடியிலிருந்து தப்பியோடும் ஆசைதான் சுற்றுலா. அந்தத் தப்பித்தலையே தொழிற்சாலைச் சரக்கு மாதிரி அச்சில் வார்த்து விற்கிறார்கள் என்றார். அதோடு நிறுத்தவில்லை. சுற்றுலாப் பயணியைக் கேலி செய்கிறவர்களுக்கும் சூடு வைத்தார்: தங்களுக்கு மட்டும் உரியதாக இருந்த இன்பம் பலருக்கும் கிடைத்துவிட்டதே என்ற மேட்டுக்குடிப் புழுக்கம்தான் அந்தக் கேலி. மந்தை, படையெடுப்பு என்று கப்பல் பயணிகளைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் அந்த இரண்டாம் பகுதியை வசதியாக மறந்துவிடுகிறார்கள். படி ஏற முடியாத முதியவர், சக்கர நாற்காலிக்காரர், கைக்குழந்தையோடு வருகிறவர் ஆகியோருக்குக் கப்பலைவிட எளிதாக நான்கு ஊர்களைக் காட்டும் வழி அதிகம் இல்லை.

என்றாலும் நேரம் என்ற கேள்வி எஞ்சுகிறது. காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தில் யவனர் குடியிருப்பு இருந்ததாகச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. அந்தப் பாய்மரக் காலத்தில் காற்றுத் திரும்பும்வரை கப்பல் கிளம்ப முடியாது. ஆகவே வந்தவர் மாதக் கணக்கில் தங்கினார், ஊரோடு கொடுக்கல் வாங்கல் வைத்தார். எஞ்சின் வந்தபின் அந்தக் கட்டாயம் போயிற்று. காடிஸில் இறங்கி, செவியாவுக்குப் போகவர ஏறத்தாழ மூன்று மணி நேரம் பேருந்தில் கழித்து, பேராலயத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் காடிஸையும் பார்ப்பதில்லை, செவியாவிலும் தங்குவதில்லை. சமூகவியலாளர் ராபர்ட் வுட் 2000-இல் கரீபியக் கடல் உலா பற்றி எழுதியபோது, நிலத்தோடு ஒட்டாமல் மிதக்கும் சுற்றுலாவின் உச்சம் இது என்ற பொருளில் பேசினார். ஒரு நாள் பார்த்த ஊருக்குப் பின்னொரு நாள் தங்க வருவார்கள் என்பது நிறுவனங்களின் பதில். அப்படி வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. வருவேன் என்று துறைமுகத்தில் கருத்துப் படிவத்தில் சொல்வதும், மூன்றாண்டு கழித்து வந்து நிற்பதும் வேறு வேறு.

எண்ணிக்கையை யார் முடிவு செய்வது?

கடந்த பத்தாண்டில் விவாதம் இடம் மாறியிருக்கிறது. கப்பல் நல்லதா கெட்டதா என்பதைவிட, எத்தனை கப்பல் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதே இப்போதைய பொருள். ஸ்பெயினின் பெரிய துறைமுகங்கள் நடுவண் அரசின் துறைமுக அமைப்புக்குக் கீழ் வருகின்றன. நகராட்சி ‘வராதே’ என்று சட்டப்படி சொல்லிவிட முடியாது. எனவே எல்லாமே பேச்சுவார்த்தையாகத்தான் நடக்கிறது. மயோர்க்கா அடங்கிய பலேரிக் தீவுகளின் அரசு கப்பல் நிறுவனங்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, 2022 முதல் பால்மாவில் நாளொன்றுக்கு மூன்று சொகுசுக் கப்பல்கள். அவற்றில் ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளக்கூடியது ஒன்றே. ஸ்பெயினில் அதுதான் முதல் முறை. பார்சிலோனா நகராட்சியும் துறைமுகமும் 2018-இல் முனையங்களை ஏழோடு நிறுத்த ஒப்புக்கொண்டன; 2025 ஜூலையில் அதை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க இணங்கின.

இந்த வரம்புகளின் வலிமையை எச்சரிக்கையோடுதான் மதிப்பிட வேண்டும். கப்பலின் எண்ணிக்கை குறைந்து அளவு பெருத்தால் தெருவில் இறங்கும் தலைகள் குறையுமா என்பது உறுதியில்லை. விருப்ப உடன்பாடு, கையெழுத்திட்டவர்கள் விரும்பும்வரைதான்.

ஜெர்மனியின் நிலை இங்கே முரணானது. ஐடாநோவாவைக் கட்டிய மையர் கப்பல்தளம் 1795-இல் தொடங்கிய குடும்ப நிறுவனம். 2024-இல் திவாலாகும் நிலைக்கு வந்தபோது ஜெர்மன் கூட்டரசும் லோயர் சாக்சனி மாநிலமும் சுமார் 40 கோடி யூரோ போட்டு அதன் 80 விழுக்காடு பங்கை எடுத்துக்கொண்டன. பாப்பன்பர்க்கின் வேலைகளைக் காக்க அதற்கு நியாயம் இருந்தது. விளைவு: ஸ்பானிய நகரங்கள் குறைக்க நினைக்கும் கப்பல்களைக் கட்டும் தளத்தின் பெரும்பங்கு உடைமையாளர் ஜெர்மன் அரசு. நாபுவின் தரவரிசையைப் படித்து முகம் சுளிப்பதும், ஹம்பர்க் திருவிழாவில் நீல விளக்கொளியில் கப்பல்களைக் கைதட்டி வழியனுப்புவதும் ஒரே சமூகம்தான்.

இன்னும் திறந்திருப்பவை

மூன்று பதில்களையும் நான்காவது கேள்வியையும் எடைபோட்டால், பயணம் தொடங்கும் துறைமுகத்துக்குப் பொருளாதார வாதம் ஓரளவு நிற்கிறது. நடுவில் நிற்கும் பெரிய நகரத்துக்கு அது வலுவிழக்கிறது. கார்த்தஹேனா போன்ற ஊர்களுக்கு எண்ணிக்கை அளவோடு இருக்கும்வரை பலன் உண்டு எனலாம். புகைப் பிரச்சினையில் சட்டம் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. பருவநிலைப் பக்கம் அப்படியில்லை. செலவைக் கழித்த நிகரக் கணக்கை ஒரே முறையில் பல துறைமுகங்களுக்குப் போட்டு ஒப்பிட்டால் ஒழிய முதல் பதிலை முழுதாக ஏற்கவோ தள்ளவோ இயலாது.

விடை தெரியாத இன்னொன்று, வரம்பு போட்ட ஊரிலிருந்து விலகும் கப்பல் எங்கே போகிறது என்பது. 2021 ஆகஸ்டில் பெரும் கப்பல்களை வெனிஸின் ஜூதெக்கா கால்வாய்க்குள் விடுவதில்லை என்று இத்தாலி தடுத்தபோது அவை கடலை விட்டுப் போய்விடவில்லை. மார்கேரா, திரியெஸ்தே, ரவென்னா துறைகளில் கட்டின. பார்சிலோனாவின் முனையங்கள் இடிக்கப்படும்போது தாராகோனாவோ வேறு சிறு துறைமுகமோ அந்தக் கப்பல்களை வரவேற்கக்கூடும். அங்குள்ளவர்களை யாராவது கேட்டார்களா என்பதை 2030-க்குள் ஆய்வாளர்கள் பதிவு செய்யத் தொடங்கினால், அடுத்த மதிப்பாய்வுக்கு உருப்படியான சரக்கு கிடைக்கும்.